காய்ச்சல் விட்டது, தலைவலி விடவில்லை

டெங்குவோ ஃப்ளூவோ வந்த பிள்ளைக்கு ஒரு வாரத்தில் காய்ச்சல் விட்டுவிடுகிறது. சிலருக்குத் தலைவலி மட்டும் மாதக்கணக்கில் நிற்கிறது. பிறகு நடப்பது வீட்டுக்கு வீடு ஒன்றுதான். முதலில் செல்போனுக்குத் திட்டு, அடுத்து கண்ணாடிக் கடை, கடைசியில் மெடிக்கல் ஷாப். பள்ளியிலோ, 'பரீட்சை வந்தால் இவனுக்குத் தலைவலியும் வந்துவிடும்' என்ற ஏளனம். எந்த அதிகாரத்தில் அப்படிச் சொல்கிறார்கள்? வைரஸ் தொற்றை ஒட்டி ஒருநாள் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் தினமும் நீடிக்கும் தலைவலியை நரம்பியல் மருத்துவர்கள் தனி வகையாகவே பிரித்திருக்கிறார்கள். கோவிட்டுக்குப் பிறகும் இது வருகிறது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் வலி உண்மைதான்.

எனக்குப் பெரிய பயம் மாத்திரைதான். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தால் காம்பஸுக்குப் பக்கத்தில் பாதி காலியான பாரசிட்டமால் அட்டை. பாரசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால், அந்த மாத்திரையே தினசரித் தலைவலியை உண்டாக்கிவிடலாம். கலவை மாத்திரை என்றால் 10 நாளே போதும். டெங்கு சந்தேகம் இருக்கும்போது இபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் கூடவே கூடாது. நிமெசுலைடு என்ற வலி மாத்திரை 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2011-லேயே தடை செய்யப்பட்டது. கடைக்காரர் எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன்: தினமும் மாத்திரை வேண்டாம்.

வலி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? காலையில் வாந்தியோடு வருகிறதா? பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றனவா, நடை தள்ளாடுகிறதா? அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கழுத்து விறைத்தாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவு தடுமாறினாலோ உடனே 108.

மற்றவர்கள் இன்றே ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, வலி எத்தனை மணிக்கு, பத்துக்கு எவ்வளவு, இரவுத் தூக்கம், காலைச் சாப்பாடு, போட்ட மாத்திரையின் பெயரும் மில்லிகிராமும், பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நாள். நான்கு வாரம் எழுதிய நோட்டோடு குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள்; அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் குழந்தைகள் பிரிவு உண்டு. இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு உள்கண்ணைப் பார்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள். கடையில் பவர் பார்த்தது இதற்கு ஈடாகாது.

காய்ச்சலுக்குச் சேர்த்திருந்த மருத்துவமனையின் சிகிச்சைக் குறிப்புகள் உங்கள் உரிமை. எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் விதிகள். 'நாளைக்கு வாங்க' என்று அலைக்கழித்தால் இந்த விதியைச் சொல்லியே கேளுங்கள்.

அடுத்தது வருகைப் பதிவு. சிபிஎஸ்இ பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு 75 சதவீத வருகை கட்டாயம். மருத்துவக் காரணம் போன்றவற்றுக்கு 25 சதவீதம் வரை தளர்வு கேட்கலாம். பலர் தேர்வு நெருங்கிய பிறகு மருத்துவச் சான்றிதழுக்கு ஓடுகிறார்கள். விடுப்பு தொடங்கும்போதே அதை விண்ணப்பத்தோடு கொடுத்து, நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னது செல்லாது; முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

வலி முழுதாகப் போகும்வரை வீட்டிலேயே படுக்க வைப்பதும் தவறு. பள்ளி விட்டுப்போனால் தூக்கம் கெடும், வலியும் கூடும். மருத்துவர் சொன்னபடி முதலில் பாதி நாளாவது அனுப்புங்கள். வகுப்பில் தண்ணீர் குடிக்கவும், வலி கூடினால் சிறிது நேரம் படுக்கவும் அனுமதிக்க வேண்டும் என்பதை அந்தச் சான்றிதழிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.