கைதட்டல் பதிவாகாத ரிக்கார்டுகள்

மோகனூர்ப் பக்கத்தில் எங்கள் அப்பா மைக்செட் வைத்திருந்தார். திருவிழாவோ காதுகுத்தோ, புனல் ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் கட்டியதும் முதலில் போடுவது கே.பி. சுந்தராம்பாள் பாட்டுத்தான். காவிரியோடு மேலே போனால் எதிர்க்கரையில் கொடுமுடி. அந்தம்மா பிறந்த ஊர். "நம்மூர்ப் புள்ள பாடுது" என்பார் அப்பா.

திருவிழாவுக்கு எடுத்துப் போகாத பழைய ரிக்கார்டுகள் தனியாக ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. சுந்தராம்பாளும் அவர் கணவரான நாடக நடிகர் கிட்டப்பாவும் பாடிய நாடகப் பாட்டுகள். அரக்கில் செய்தவை, கை தவறினால் அப்பளமாக நொறுங்கிவிடும். நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். அதற்குள் பாட்டு முடிந்தாக வேண்டும்.

மேடையில் அப்படி முடியாது. மைக் இல்லாத காலத்தில் பாடிப் பழகியவர்கள் அவர்கள். கடைசி வரிசையில் மண்தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் எழுத்துச் சிதையாமல் கேட்க வேண்டும். அதனால்தான் கிட்டப்பாவின் சாரீரம் எடுத்த எடுப்பிலேயே மேல் ஸ்தாயிக்கு ஏறுகிறது. சுந்தராம்பாள் ஒவ்வொரு சொல்லையும் தெறித்தாற்போல் உச்சரிக்கிறார். கூட்டம் 'ஒன்ஸ்மோர்' கேட்டால் திரும்பவும் பாட வேண்டும். ஆர்மோனியக்காரர் விட்டுக்கொடுக்க விட்டுக்கொடுக்க, ஒரே பாட்டு எங்கெங்கோ போய்த் திரும்பும். ரிக்கார்டில் அந்தக் கூட்டம் இல்லை. ஒலிப்பதிவு அறையில், ஆளில்லாத சுவரைப் பார்த்துப் பாடியது அது. நாடக மேடையில் நடப்பதை அப்படியே பிடித்துத் தட்டாக்க அன்றைக்கு வழியில்லை.

பிற்பாடு வழி வந்தது. 1948இல் வந்த எல்.பி. தட்டில் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். ஆங்கில நாடக நடிகர் நோயல் கவர்ட் 1955இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் ஒரு விடுதி மேடையில் பாடினார். சாப்பாட்டு மேசைகளைச் சுற்றி ரசிகர்கள் உட்கார்ந்திருக்க, நடிகர் நேருக்கு நேர் பாடும் கேபரே நிகழ்ச்சி அது. சிரிப்பும் கைதட்டலும் சேர்த்தே பதிவாகி ரிக்கார்டாக வந்தது. கிட்டப்பாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1933 டிசம்பர் 2ஆம் தேதி, 27 வயதில் போய்விட்டார்.

சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. அன்றிலிருந்து வெள்ளைக் கதர்தான். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். ஒரு லட்ச ரூபாய் சம்பளத்தில் 1935இல் அவர் நடித்த முதல் படத்திலும் நந்தனாராக ஆண் வேடமே ஏற்றார். ஊர் சனத்துக்கு இந்தக் கதை முழுக்கத் தெரியும். ஆகவே அவர் கோவிலன் கதையில் புலம்பினாலும் முருகனை அழைத்தாலும் அதில் இன்னொரு துக்கமும் சேர்ந்தே கேட்டது. "பாவம், புருசன நெனச்சுப் பாடுது சாமி" என்று எங்கள் அம்மாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். சோகப் பாட்டு என்றால் அழுது வடிவது என்று நினைப்பவர்கள் சுந்தராம்பாளைக் கேட்க வேண்டும். குரல் எங்கேயும் உடையாது. அழுகையைக் கேட்கிறவர்களிடம் விட்டுவிட்டு அவர் நிமிர்ந்து நின்று பாடுகிறார். என்னைக் கேட்டால், நாடக மேடை தந்த பெரிய வித்தை அதுதான்.

சேலம், நாமக்கல், ராசிபுரம் பக்கத்துப் பழைய வீடுகளின் பரண்களில் இன்னமும் இந்த ரிக்கார்டுகள் கிடக்கக்கூடும். வீட்டை இடிக்கும்போது தயவுசெய்து காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். தட்டைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தி, வெயில் படாமல் வையுங்கள். உங்களுக்கு வேண்டாமென்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் ஒரு வார்த்தை விசாரித்துப் பாருங்கள்.