'அன்ஃபிட்'னு சொல்லிட்டாங்களா? ராணுவத்துக்குப் போன பிள்ளைக்குப் பின்னடைவு வந்தால் வீட்டில் என்ன செய்யணும்?

மதுரை கோச்சடையில் விடியற்காலை ஐந்து மணிக்கு வைகைக் கரைப் பக்கம் போனால், இருட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கும் பசங்களைப் பார்க்கலாம். ஒருத்தன் செல்போனில் ஸ்டாப்வாட்ச் ஓடும். 1.6 கிலோமீட்டர், ஐந்தரை நிமிஷம். ராணுவ ஆள்சேர்ப்பு முகாமில் ஓட்டத்துக்கு முழுசாக 60 மதிப்பெண் வேண்டும் என்றால் அதுதான் கணக்கு. புல்-அப்ஸ் 10 எடுத்தால் இன்னொரு 40.

இந்தக் கணக்கெல்லாம் அந்தப் பசங்க வீட்டில் அம்மாவுக்கும் மனப்பாடம். ஆனால் தேர்வான பிறகு என்னென்ன தடங்கல் வரலாம் என்பதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. பையன் பெயர் பட்டியலில் வந்ததும் தெருமுனையில் ஃபிளெக்ஸ் ஏறிவிடும் (மதுரைக்காரர்களுக்கு இதைப் புதுசாகச் சொல்லித் தரவேண்டியதில்லை). கொஞ்ச நாளில் ஒரு போன் வரும். "மெடிக்கல்ல அன்ஃபிட் போட்டுட்டாங்கம்மா." அல்லது, "கால்ல அடி, அடுத்த பேட்ச்சுக்குத் தள்ளிட்டாங்க."

வீடே இடிந்து உட்காரும். அந்த நேரத்தில் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி பெரும்பாலும், "ஊருக்கு என்ன பதில் சொல்றது?" என்பதுதான். கேட்க வேண்டிய முதல் கேள்வி அது இல்லை. "கையில என்ன பேப்பர் கொடுத்திருக்காங்க? அதுல என்ன தேதி போட்டிருக்கு?" என்பதுதான். ராணுவத்தில் பல பின்னடைவுகளுக்குப் பின்னால் ஒரு சீட்டும் ஒரு கெடுவும் இருக்கும். வெட்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நாலு நாள் அழுதுவிட்டு எழுந்தால், அந்தக் கெடு போயிருக்கும்.

எந்த இடத்தில் நின்றது?

2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின் வழியாகத்தான் இப்போது படைவீரர்களாகச் சேர முடியும். தரைப்படையில் 2023 முதல் நடைமுறை மாறியது. முதலில் கணினி வழி எழுத்துத் தேர்வு. அதில் தேறியவர்களுக்கு மட்டும் முகாம், அங்கே ஓட்டம், உடல் அளவு, சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை. எல்லாம் முடிந்து தரவரிசைப் பட்டியல். அதில் பெயர் வந்து, பயிற்சி மையத்தில் சேர்க்கப்பட்ட பிறகுதான் உங்கள் பிள்ளை படைவீரர்.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. எல்லாக் கட்டத்திலும் தேறியும் பட்டியலில் பெயர் வராமல் போகலாம். இடம் குறைவு, மதிப்பெண் கூடினவர் முன்னால் போயிருப்பார், அவ்வளவுதான். இது பையன் தோற்றதும் இல்லை, யாரோ ஏமாற்றியதும் இல்லை. வயது வரம்பு இருந்தால் அடுத்த அறிவிப்புக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்று. மதுரைக்குத் திருச்சி பக்கம்தானே என்று நினைத்து அங்கே விசாரிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்கள் கோயம்புத்தூர் ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகின்றன. எந்தச் சந்தேகத்தையும் அங்கேதான் கேட்கணும்.

மெடிக்கலில் தள்ளிவிட்டால்?

முகாம் மருத்துவர் 'தகுதி இல்லை' என்று எழுதினால் உடனே எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. மறுபரிசோதனை வேண்டும் என்று கேட்பவர்களை ராணுவ மருத்துவமனையில் உள்ள சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவார்கள். எந்த மருத்துவமனை, எந்தத் தேதிக்குள் போகணும் என்பது கொடுக்கும் சீட்டிலேயே இருக்கும். போகவில்லை என்றால் முதல் மருத்துவர் எழுதியதே நிற்கும். அதனால்தான் அந்தப் பேப்பர் முக்கியம்.

என்ன காரணம் என்பதையும் பையனிடம் பொறுமையாகக் கேளுங்கள். காதில் அழுக்கு அடைத்திருப்பது கூட ஒரு காரணமாக வரும். சிரிக்காதீர்கள், ஆள்சேர்ப்பு அறிவிப்பிலேயே 'காதைச் சுத்தம் செய்துவிட்டு வாருங்கள்' என்று எழுதியிருப்பார்கள். இது சரிசெய்யக்கூடியது. மூக்குத் தண்டு வளைவு, விரைவீக்கம், சுருள் நரம்பு போன்றவற்றில் சிலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆனால் அவசரப்பட்டு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்துவிட்டு ஓடாதீர்கள். செய்தால் ஏற்றுக்கொள்வார்களா, எத்தனை வாரம் கழித்து வரணும் என்பதை மறுபரிசோதனை செய்யும் ராணுவ மருத்துவரிடமே கேட்பது நல்லது.

நிறப்பார்வைக் குறைபாடு, அளவுக்கு மீறிய முட்டி ஒட்டல் மாதிரியானவை வேறு வகை. ஊக்கத்தாலோ உழைப்பாலோ இவை மாறாது. அங்கே பிள்ளையை மறுபடி மறுபடி ஓடவிடுவது வீண்.

பச்சை குத்தினது தனிக்கதை. முழங்கையின் உட்புறத்திலிருந்து மணிக்கட்டு வரையும், புறங்கையிலும் இருந்தால் அனுமதி. பழங்குடியினருக்கு அவர்கள் வழக்கப்படி விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு தோளிலோ நெஞ்சிலோ காதலி பெயரோ அம்மா பெயரோ, எதுவாக இருந்தாலும் சிக்கல்தான். கோயில் திருவிழாவில் குத்திக்கொண்ட ஒரு சின்னப் படத்தால் ரெண்டு வருஷப் பயிற்சியைப் பறிகொடுத்த பையனை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அதுக்கு மறுபரிசோதனையும் உதவவில்லை.

இந்தக் கட்டத்தில்தான் "எனக்கு உள்ளே ஆள் தெரியும், ரெண்டு லட்சம் கொடுத்தா ஃபிட் ஆக்கிடலாம்" என்று ஒருத்தர் வருவார். கொடுத்த பணம் திரும்பாது. போலிச் சான்று வந்தால் பிள்ளை மேல் வழக்கும் வரும்.

தப்பே செய்யாமல் தோற்றவர்கள்

பிள்ளை பக்கம் எந்தக் குறையும் இல்லாமலே கதவு மூடப்பட்ட கதையும் உண்டு. கொரோனா காலத்தில், 2020-க்குப் பிறகு ராணுவ ஆள்சேர்ப்பு நின்றுபோனது. அதற்கு முன் ஓட்டத்தில் தேறி, மெடிக்கலிலும் தேறி, எழுத்துத் தேர்வுக்காக மட்டும் காத்திருந்த இளைஞர்கள் நாடு முழுக்க இருந்தார்கள். 2022 ஜூனில் அக்னிபத் வந்ததும் அந்தப் பழைய நடைமுறை அப்படியே கைவிடப்பட்டது. அதே மாதம் சென்னையில் போர் நினைவுச் சின்னம் அருகே திரண்ட இளைஞர்கள் கேட்டது இதைத்தான்: ரெண்டு கட்டம் தாண்டிய நாங்கள் மறுபடி ஒன்றாம் படியில் நிற்கணுமா?

வயது 21-ஐத் தாண்டிவிட்டவர்களுக்காக அந்த ஒரு வருடம் மட்டும் உச்சவரம்பு 23 ஆக உயர்த்தப்பட்டது. வழக்குகளும் போனது. 2023 பிப்ரவரி 27 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அக்னிபத் திட்டம் செல்லும் என்றது. பழைய நடைமுறையில் தேறியவர்களின் மேல்முறையீடுகளை ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தேர்வுப் பட்டியலில் இருப்பதாலேயே வேலை உரிமையாகிவிடாது என்பதுதான் அதன் சாரம்.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம். மூணு வருஷம் விடியற்காலையில் எழுந்து ஓடினவனுக்கு அது ஆறுதல் ஆகாது. அந்தப் பசங்களைப் பார்த்து "நல்லா படிச்சிருந்தா இந்த நிலை வருமா" என்று கேட்ட சொந்தக்காரர்களும் உண்டு. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அந்தப் பேச்சை நிறுத்த வேண்டியது நீங்கள்தான், பையன் இல்லை.

பயிற்சியில் அடிபட்டால்?

வெலிங்டன் என்றால் ஊட்டி பக்கம், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு கணக்கு இருக்கும். அங்கே இருப்பது மெட்ராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி மையம். ஆனால் பிள்ளைக்கு பீரங்கிப் படை கிடைத்தால் நாசிக் அல்லது ஹைதராபாத், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், மருத்துவப் பிரிவு என்றால் லக்னோ. விரும்பிய பிரிவு கிடைக்காததும் பல வீடுகளில் முதல் ஏமாற்றம்.

அக்னிவீர்களுக்கு தரைப்படையில் பயிற்சி 31 வாரம். முதல் 10 வாரம் அடிப்படைப் பயிற்சி, அடுத்த 21 வாரம் அவரவர் பிரிவுக்கான பயிற்சி. அந்த முதல் பத்து வாரத்தில்தான் கால் வலி ஆரம்பிக்கும். திடீரென்று ஓட்டமும் சுமையும் கூடும்போது முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில் மயிரிழை மாதிரி விரிசல் விழுவது உலகம் முழுக்க புதிய வீரர்களிடம் சாதாரணமாக வரும் பிரச்சினை. ஓய்வு கொடுத்தால் சில வாரங்களில் பெரும்பாலும் ஆறும். மறைத்துவிட்டு ஓடினால் எலும்பு முழுசாக உடையலாம்.

மறைப்பது ஏன்? சொன்னால் 'ரெலிகேட்' செய்துவிடுவார்கள் என்ற பயம். அதாவது கூட இருந்தவர்கள் முன்னால் போக, இவன் பின்னால் வரும் பேட்ச்சோடு சேரணும். பயிற்சியில் தேர்வு தவறினாலும் இதேதான். வீட்டுக்கு இது அவமானமாகத் தெரியும். பயிற்சி மையத்துக்கு இது வழக்கமான நடைமுறை. சத்தியப்பிரமாண அணிவகுப்புக்கு மதுரையிலிருந்து வேன் பிடித்தாச்சு, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாச்சு என்ற காரணத்துக்காக ஒரு பையன் உடைந்த காலோடு ஓடக் கூடாது. "தேதி மாறினா மாறட்டும், வேனை கேன்சல் பண்ணிக்கலாம். டாக்டர்ட்ட வலியைச் சொல்லுப்பா" என்று அப்பா சொன்னாலே பாதிப் பயம் போகும்.

அடி எப்படிப் பட்டது என்பது மருத்துவப் பதிவில் ஏறியிருக்கிறதா என்றும் கேளுங்கள். பின்னாளில் உடல் குறைபாடு நிரந்தரமானால், அது பணியால் வந்ததா என்பதை வைத்துத்தான் இழப்பீடு முடிவாகும். அக்னிவீர்களுக்கு 100, 75, 50 சதவீதக் குறைபாட்டுக்கு முறையே 44 லட்சம், 25 லட்சம், 15 லட்சம் ரூபாய் என்று திட்டத்தில் இருக்கிறது. உயிரிழந்தால் 48 லட்சம் காப்பீடு. இதைப் பேசுவதே அபசகுனம் என்று நினைக்காமல், வாரிசு நியமனப் படிவத்தில் யார் பெயர் எழுதியிருக்கிறான் என்பதை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

"நான் வந்துடுறேன்மா..."

இதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமான போன். ஆரம்ப வாரங்களில் பல மையங்களில் செல்போன் கையில் இருக்காது. கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் அழுகிறான் என்றால், "ஆம்பளையா இருந்துட்டு அழுவியா" என்பதும் தப்பு, "உடனே கிளம்பி வா சாமி" என்பதும் தப்பு.

காரணம் சட்டம். சேர்ந்த பிறகு சொந்த விருப்பத்தில் விலகுவதற்கு மிக அபூர்வமான சூழலில்தான் அனுமதி. சொல்லாமல் கிளம்பினாலும், லீவில் வந்தவன் திரும்பாமல் இருந்தாலும் 1950-ம் ஆண்டு ராணுவச் சட்டப்படி குற்றம். லீவில் வந்த இடத்தில் காய்ச்சல், விபத்து என்றாலும் லீவு முடிவதற்குள் மையத்துக்குத் தகவல் போயிருக்கணும். "ரெண்டு நாள் கழிச்சுப் போகட்டும், என்ன செஞ்சிடுவாங்க" என்று பாட்டி சொல்வதைக் கேட்டால் வம்பு.

அதனால் சேர்ந்த உடனே நாலு விஷயத்தை வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள்: அவனுடைய ராணுவ எண், கம்பெனி பெயர், பிளாட்டூன், பயிற்சி மையத் தொலைபேசி எண். வீட்டு ஞாபகத்தில் அழுவது வேறு. தூக்கமே இல்லை, சாப்பிடவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று பேசுவது வேறு. இரண்டாவது என்றால் அன்றைக்கே மையத்தை அழைத்து அவனுடைய அதிகாரியிடம் நேராகச் சொல்லுங்கள். டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, இருபத்துநாலு மணி நேரமும் தமிழிலும் பேசலாம். இழந்து திரும்பி வந்த பையனுக்கும், தூங்காமல் கிடக்கும் அம்மாவுக்கும் அதே எண்தான்.

பணம், நாலு வருஷம், அதுக்கப்புறம்

முதல் வருடச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய் என்று கேட்டதும் அதை நம்பி கடன் வாங்கிவிடுகிறார்கள். 30 சதவீதம் சேவா நிதிக்குப் பிடித்தம் போக கைக்கு வருவது 21,000. நாலாவது வருடம் 40,000-ல் கைக்கு 28,000. பிடித்த பணத்துக்குச் சமமாக அரசும் போட்டு, வட்டியோடு நாலு வருடம் கழித்து சுமார் 11.71 லட்சம் கிடைக்கும். இடையில் சொந்த விருப்பத்தில் விலகினால் அரசின் பங்கு கிடையாது, அவன் போட்டதும் வட்டியும் மட்டும்தான். பணிக்கொடை, ஓய்வூதியம் இரண்டும் இல்லை.

நாலு வருஷம் முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் படையில் தொடர்வார்கள். அதாவது நாலு பேரில் மூணு பேர் வீட்டுக்கு வருவார்கள். இது எதிர்பாராத பின்னடைவு இல்லை, முதல் நாளே தெரிந்த கணக்கு. ஆனாலும் பல வீடுகளில் 'நம்ம பையன் அந்த 25-ல வந்துருவான்' என்றுதான் பேச்சு. 2023 தொடக்கத்தில் தரைப்படைப் பயிற்சிக்குப் போன முதல் அணிக்கு அந்த நாலு வருஷம் 2026 முடிவிலோ 2027 தொடக்கத்திலோ நிறைவடைகிறது. மத்திய ஆயுதக் காவல் படைகளில் முன்னாள் அக்னிவீர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடும், முதல் அணிக்கு ஐந்து வருட வயதுத் தளர்வும் 2022-ல் அறிவிக்கப்பட்டன. எல்லைப் பாதுகாப்புப் படையில் இதற்கான விதி 2023 மார்ச்சிலேயே வந்துவிட்டது. அதற்கும் விண்ணப்பிக்கணும், எழுத்துத் தேர்வு எழுதணும். அந்த அறிவிப்புகள் வரும்போது பையன் எல்லையில் இருப்பான், இணையத்தில் பார்த்துச் சொல்ல வேண்டியது வீட்டில் இருப்பவர்கள்தான்.