கெவலாரில் ஒரு மடுத் திருநாள்



தூய லூக்கா தமது நற்செய்தியின் முதலாம் அதிகாரத்திலே ஒரு பயணத்தை எழுதி வைத்திருக்கிறார். நாசரேத்தூர்க் கன்னி மரியாள் தன் உறவினளான எலிசபெத்தைக் காண யூதேயாவின் மலைநாட்டுக்கு விரைந்து சென்றாள் என்றும், ஏறக்குறைய மூன்று மாதம் அவளுடன் தங்கினாள் என்றும் அங்கே வாசிக்கிறோம். ஐரோப்பாவின் செங்கன் நாடுகள் இன்று விருந்தாளிகளுக்கு அளிக்கும் தங்கல் காலமும் அதிகபட்சம் தொண்ணூறு நாட்களே. இந்த ஒற்றுமையை எண்ணி அடியேன் சிரித்ததுண்டு. ஆனால் மரியாளுக்கு வங்கிக் கணக்கின் ஆறு மாத விபரமோ, முப்பதாயிரம் யூரோவுக்கான பயணக் காப்புறுதியோ தேவைப்படவில்லை!

அடியேனும் மனைவியும் பதினாறு வயது மகனும் 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஜேர்மனிக்குச் சென்று மூன்று வாரங்கள் தங்கி வந்தோம். முந்திய ஆண்டே புறப்பட எண்ணியிருந்தோம். 2022இல் எமது ரூபா அடைந்த வீழ்ச்சியும், எரிபொருள் வரிசைகளும் அந்த எண்ணத்தை அவ்வாண்டில் நினைத்துப் பார்க்கவும் விடவில்லை. மறு ஆண்டு நண்பரே தொலைபேசியில் அழைத்து, "மச்சான், அம்மா இருக்கும்போதே வந்துவிட்டுப் போ" என்றார். அதன் பிறகு தாமதிக்க மனம் இடம்தரவில்லை.

இந்த நண்பரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அவர் சைவர். திருக்கேதீச்சரத்துக்கு அண்மையில் பிறந்து, மன்னாரிலே அடியேனுடன் ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர். 1985ஆம் ஆண்டு நாட்டை விட்டு வெளியேறியவர். வெளிநாட்டவர் ஒருவரை ஜேர்மனிக்கு அழைக்கும்போது, அழைப்பவர் தமது நகரின் அலுவலகத்துக்குச் சென்று உத்தரவாதப் பத்திரம் ஒன்றில் கையொப்பமிடும் வழக்கம் உண்டு. வந்தவரின் தங்கல் செலவையும், அவர் நோயுற்றால் ஆகும் செலவையும் தாமே ஏற்பதாக அவர் சட்டப்படி ஒப்புக்கொள்கிறார். எமது மூவருக்காகவும் அவர் அவ்வாறே செய்தார். ஓடிப்போன ஒனேசிமுவின் கடன் ஏதேனும் இருந்தால் அதைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளும்படி பவுலடியார் பிலமோனுக்கு எழுதினார் அல்லவா? அந்தச் சிறு நிருபத்தைப் பலமுறை வாசித்திருக்கிறேன். ஒரு சைவ நண்பரின் கையொப்பத்தைக் கண்ட பிறகுதான் அது எத்தகைய வாக்கு என்பது உறைத்தது.

பயணப் பெட்டியைக் கட்டும்போது எம் வீட்டில் ஒரு விவாதம் எழுந்தது. நண்பரின் தாயார் கேட்டனுப்பியது ஒரேயொரு பொருள்: மடு மண். மருதமடு அன்னையின் திருத்தலத்து மண் பாம்புக்கடிக்கு மருந்து என எம் முன்னோர் நம்பினர். இன்றும் யாத்திரிகர் அதை முடிந்து செல்கின்றனர். ஆயின் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டு மண்ணைக் கொண்டுசெல்வது தடைசெய்யப்பட்டுள்ளது. பயிர்நோய்கள் பரவாதிருக்க ஏற்படுத்தப்பட்ட விதி அது. இறைச்சிக்கும் பால் பொருட்களுக்கும் கூடத் தடைதான். மீனுக்கு ஓரளவு இடமுண்டு என்பதால் எமது கருவாடு தப்பிப் பிழைத்தது. "ஒரு பிடி மண்ணில் என்ன வந்துவிடப் போகிறது?" என்றாள் மனைவி. உத்தரவாதப் பத்திரத்தில் ஒப்பமிட்ட நண்பரை நினைத்து அடியேன் சம்மதிக்கவில்லை. ஈற்றில், உள்ளங்கை அளவான ஒரு மடு மாதா படத்தைச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

நண்பர் வசிப்பது கிரேபெல்ட் நகரில். அங்கிருந்து வடக்கு நோக்கி ஓடும் புகையிரதத்தில் ஏறினால் முக்கால் மணித்தியாலத்துக்குள் கெவலார் வந்துவிடும். நெதர்லாந்து எல்லைக்கு அண்மையில், சமவெளியின் நடுவே, செங்கல் வீடுகளும் மரநிழல் வீதிகளுமாய் அமைந்த சிறு நகரம் அது. வாசகர்களே, உங்களுள் அநேகரின் பிள்ளைகளோ சகோதரரோ புலம்பெயர்ந்து ஐரோப்பாவில் வாழக்கூடும். அவர்கள் இந்த ஊரின் பெயரை உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அதன் வரலாற்றைச் சொல்லியிருப்பார்களோ என்பது ஐயமே.

1641ஆம் ஆண்டு நத்தார்க் காலம். ஐரோப்பாவை முப்பது ஆண்டுகள் சீரழித்த போர் நடந்துகொண்டிருந்தது. ஹென்றிக் புஸ்மன் என்ற ஊர் ஊராய்ச் செல்லும் ஏழை வியாபாரி, கெவலாரின் வெளியிலே வழியோரச் சிலுவை ஒன்றின் முன் நின்று செபித்தபோது, அவ்விடத்தில் ஒரு சிற்றாலயம் கட்டும்படி தம்மைப் பணிக்கும் குரலைக் கேட்டார். அக்குரலை அவர் மூன்று முறை கேட்டதாக வரலாறு கூறுகிறது. அவருடைய மனைவி மெக்கெலிடம் போர்வீரர் இருவர் மாதாவின் அச்சுப் படங்களை விற்க வந்திருந்தனர். விலை கட்டாததால் அவள் வாங்கவில்லை. பின்னர் ஓர் இரவு, பேரொளியின் நடுவே ஒரு சிறு மாடத்தையும் அதனுள் அதே படத்தையும் அவள் கண்டாள். தேடிப் பெறப்பட்ட அப்படம் 1642 ஜூன் 1ஆம் திகதி பங்குத்தந்தையால் மாடத்தில் நிறுவப்பட்டது. லக்சம்பேர்க் நகரின் 'துன்புறுவோருக்கு ஆறுதலான அன்னை'யைச் சித்திரிக்கும், செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்ட ஒரு காகிதத் துண்டே அது. அளவில் ஓர் அஞ்சலட்டையிலும் சிறியது. அதைச் சுற்றி 1654இல் எழுப்பப்பட்ட அறுகோணச் சிற்றாலயம் இன்றும் நிற்கிறது.

போர்வீரரின் கைகளில் கிடந்து, மலிவு விலையும் கிடைக்காத ஒரு காகிதம்! அதன் முன்னே 1987ஆம் ஆண்டு மே மாதத்தில் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் முழந்தாளிட்டுச் செபித்தார்.

இன்னுமொன்று உண்டு. இதை எண்ணும்போதெல்லாம் அடியேனுக்கு ஒருவகைச் சிலிர்ப்பு ஏற்படுவது வழக்கம். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தரின் நாட்டிலே கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபடத் தடை இருந்தது. எனவே அந்நாட்டுக் கத்தோலிக்கர் எல்லையைக் கடந்து கெவலாருக்கு வந்து பூசை கண்டனர். அதே ஒல்லாந்தர் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றி, எம் குருக்களை விரட்டினர். 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டுக்குள் புகுந்தன. அதுவே எமது மடு. ஓர் ஆட்சியின் கடுமைக்குத் தப்பிய மக்களே, ஒரே நூற்றாண்டில், இருவேறு கண்டங்களில் இவ்விரு தலங்களையும் நாடி வந்தனர். மடுவின் சொரூபம் மீண்டும் ஒருமுறை, 2008 ஏப்ரலில், போருக்குத் தப்பித் தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டதையும், அதே ஆண்டு ஆகஸ்டில் மடு திரும்பியதையும் நீங்கள் அறிவீர்கள்.

ஆகவே எம்மவர்கள் கெவலாரைத் தெரிந்துகொண்டதில் வியப்பில்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து, மாதாவின் விண்ணேற்புப் பெருவிழாவை ஒட்டிய ஒரு சனிக்கிழமையில் ஐரோப்பாவெங்குமிருந்து தமிழர் ஆயிரக்கணக்கில் அங்கு கூடுகின்றனர். ஜேர்மனியில் தமிழருக்கென இயங்கும் ஆன்மீகப் பணியகம் திருப்பலிக்கு ஒழுங்கு செய்கிறது. வருவோரில் பெருந்தொகையினர் சைவர்கள். மடுவின் ஆவணித் திருவிழாவுக்கு எல்லா மதத்தாரும் வந்தது போலவே இங்கும் வருகிறார்கள். நண்பரின் குடும்பம் ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத்துக்கும் செல்லும், கெவலாருக்கும் செல்லும். இதில் முரண்பாடு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. எமது மகன்தான் ஏதோ கேட்க வாயெடுத்தான்; தாய் கண்ணைக் காட்டியதும் அடங்கினான்.

இனி நண்பரின் தாயாரைப் பற்றி. வயது எண்பத்து நான்கு. நெற்றியில் திருநீறு, தோளில் ஒரு கம்பளிச் சால்வை. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது இளைய மகனையும் அழைத்துக்கொண்டு மடுவுக்கு ஓடி, திருத்தல வளவின் அகதி முகாமில் நீண்ட காலம் வாழ்ந்தவர் அவர். மூத்தவர் பின்னர் அவரை ஜேர்மனிக்கு அழைத்துக்கொண்டார். இளையவர் வரவில்லை. 2009ஆம் ஆண்டு வன்னியிலே அவர் காணாமற் போனார். அன்று தொடக்கம் ஒரு கடிதமும் இல்லை, ஒரு செய்தியும் இல்லை. இப்போது தாயாருக்கு மறதி நோய். நண்பர் இதைத் தொலைபேசியில் கூறியிருந்தார். ஆனால் கேட்டறிவதும் கண்டறிவதும் வேறு வேறு.

கெவலாரின் சிற்றாலயச் சதுக்கத்துள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நுழைந்தோம். எங்கும் சேலைகள், மல்லிகை மணம், எம் மொழியின் ஆரவாரம், ஒலிபெருக்கியில் தமிழ்ச் செபமாலை. தாயார் நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. அடியேனின் கையைப் பற்றி, "தம்பி, கூடாரம் அடிச்சாச்சோ? நல்ல மரத்தடியாப் பாத்தனீங்களோ?" என்றார். அவர் மடுவில் இருந்தார்.

அவரைத் திருத்திவிட அடியேனின் நாவு துடித்ததை மறைக்க விரும்பவில்லை. இது ஜேர்மனி அம்மா, இது கெவலார் என்று சொல்லத்தான் எண்ணினேன். மனைவி முந்திக்கொண்டாள். "நிழல் இருக்குது அம்மா, இருங்கோ" என்றாள். அதுவும் உண்மைதான், சதுக்கத்தின் ஓரத்தில் பெருமரங்கள் நின்றன.

திருப்பலி தொடங்கியது. காணிக்கை வேளையில் தாயார் மீண்டும் திரும்பினார். இம்முறை குரல் தாழ்ந்திருந்தது. "சின்னவன் தண்ணி அள்ளப் போனவன். கன நேரமாச்சு. இன்னும் வரேல்லை."

வாசகர்களே, இந்தப் பத்தியிலே ஆண்டுகள் பலவாக ஆறுதலைப் பற்றி எழுதி வந்திருக்கிறேன். துன்பப்படுவோரிடம் என்ன கூறவேண்டும் என்று உங்களுக்கு ஆலோசனை வழங்கியிருக்கிறேன். அந்நேரத்தில் ஒரு வசனமும் வாயில் வரவில்லை. வருவான் என்று சொன்னால் அது பொய். வரமாட்டான் என்று சொல்லவும் எவருக்கும் தெரியாது. அதுவே காணாமற் போனோரின் தாய்மாருக்குரிய தனித் துயரம். நண்பர் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் அவருடன் தரையில் அமர்ந்து ஒன்றும் பேசாதிருந்தார்கள் என்று வேதாகமம் கூறுகிறது. வாயைத் திறந்த பின்னரே அவர்கள் தவறிழைத்தனர்.

மனைவி செபப் புத்தகத்திலிருந்து அந்த மடு மாதா படத்தை எடுத்து, தாயாரின் மடியில் வைத்தாள். அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "மண் கொண்டரேல்லையோ?" என்றார். இல்லை என்று தலையசைத்தோம். சிறிது நேரம் முகம் வாடியிருந்தது. பின்பு படத்தைக் கண்களில் ஒற்றி, சால்வைக்குள் செருகிக்கொண்டார். திருப்பலி முடிந்ததும், அறுகோண ஆலயத்தின் வெளிச்சாளரத்தின் முன் வரிசையில் நின்றோம். அங்கிருந்து அந்தச் சிறு காகிதப் படத்தைத் தரிசிக்கலாம். பொற்சட்டங்களுக்கு நடுவே அது இருக்கும் இடத்தை மகன்தான் சுட்டிக்காட்ட வேண்டியதாயிற்று. தாயார் அதைப் பார்த்தாரோ, தெரியாது. அவர் கை சால்வைக்குள்ளேயே இருந்தது.

உங்களுள் இவ்வாறு பயணம் போகவிருப்போருக்கு இரண்டொரு வார்த்தை கூறலாம். உறவினரோ நண்பரோ அங்கே விடுமுறையை எண்ணி எண்ணி எடுத்தே உங்களுடன் இருக்கிறார்கள். கடைத்தெருவிலே அந்த நாட்களைச் செலவழித்துவிடாதீர்கள். அவர்களுடைய ஆலயத்துக்கு அவர்களோடு போங்கள். பாஷை விளங்காத பூசையானாலும் போங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் அவருக்கு அருகில் இருங்கள், கோப்பைகளையும் கழுவிக்கொடுங்கள். ஐரோப்பாவில் வேலையாட்கள் இல்லை என்பதை எம்மில் பலர் மூன்றாம் நாளே மறந்துவிடுகிறோம்.

மாலையில் மழை தூறத் தொடங்கியது. மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றிவிட்டுப் புகையிரத நிலையத்துக்கு விரைந்தோம். பெட்டி எம்மவரால் நிரம்பியிருந்தது. நாம் இருக்கைகளில் அமர்ந்ததும் தாயார் ஒவ்வொருவராக எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "சின்னவனுக்கு இடம் பிடிச்சியோ?" என்று மூத்த மகனைக் கேட்டார்.

நண்பர் பதில் சொல்லவில்லை. தோட்பையைக் கழற்றித் தம் பக்கத்து இருக்கையில் வைத்தார். கெல்டேர்ன் நிலையத்தில் ஏறிய இளைஞன் ஒருவன் அந்த இருக்கையையும், அவர் முகத்தையும் பார்த்துவிட்டு, கதவோரம் போய் நின்றுகொண்டான். கிரேபெல்ட் வரும் வரை அதில் எவரும் அமரவில்லை.