உஷார்! மலையில் உங்கள் வாட்ச் யாரையும் கூப்பிடாது

ஒரகடம் கூட்டுரோட்டு டீக்கடையில் ஒரு தம்பி கையை நீட்டிக் காட்டினார். புது ஜி.பி.எஸ். வாட்ச். கம்பெனிப் பயிற்சிக்கு ஜெர்மனி போனபோது வாங்கியதாம். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் நாலு பேர் பைக்கில் ஆந்திர எல்லையைத் தாண்டி நாகலாபுரம் காட்டுக்குக் கிளம்புகிறார்கள். "வழி தவறுனாலும் பயமில்லண்ணே. சாட்டிலைட் நம்மளப் பாத்துக்கிட்டே இருக்கு" என்றார்.

எனக்குப் பகீரென்றது. இந்த வட்டாரத்தில் இதையே நம்பிக்கொண்டு மலைக்குப் போகிற பிள்ளைகள் எத்தனை பேரோ!

சாட்டிலைட் உங்களைப் பார்ப்பதில்லை. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள், வானொலி நிலையம் போல, நேரத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகின்றன. வாட்ச் அதைக் கேட்டு, கணக்குப் போட்டு, நீங்கள் நிற்கும் இடத்தை உங்களுக்கு மட்டும் சொல்கிறது. அது கேட்கும், பதில் பேசாது. நீங்கள் பாறையிடுக்கில் கால் முறிந்து கிடந்தால் அது அந்தக் கோளுக்கும் தெரியாது, வனத்துறைக்கும் தெரியாது, பெற்றவர்களுக்கும் தெரியாது.

அப்படியானால் எஸ்.ஓ.எஸ். பட்டன் எதற்கு? பெரும்பாலான வாட்ச்களில் அந்தப் பட்டன் புளூடூத் வழியாக உங்கள் போனிடம் சொல்லும். போன்தான் டவர் வழியாக வீட்டுக்குச் செய்தி அனுப்பும். போனில் சார்ஜ் தீர்ந்தாலோ, பள்ளத்தாக்கில் டவர் எட்டாவிட்டாலோ செய்தி அங்கேயே நின்றுவிடும். சிம் வசதி உள்ள வாட்சுக்கும் டவர் வேண்டும்.

நம் ஊர்க்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோரம் விடியற்காலையில் ஓடும்போது பட்டனை அழுத்திப் பார்க்கிறார்கள். நொடியில் மனைவி போனுக்குச் செய்தி போகிறது. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை திரும்பிய பக்கமெல்லாம் டவர், போகாமல் என்ன செய்யும்? சிப்காட் தொழிற்பேட்டையில் சோதித்த அந்த நம்பிக்கையோடு மலையேறுகிறார்கள். அங்கே செங்குத்துப் பாறைகளில் பட்டுத் தெறிக்கும் ஜி.பி.எஸ். சிக்னலில் வாட்ச் காட்டும் இடமே பல மீட்டர் விலகிவிடும். ஓடையின் இந்தக் கரையா அந்தக் கரையா என்று தெரியாத இருட்டில் அந்த விலகலே ஆளைக் கவிழ்க்கும்.

இதெல்லாம் தெரிந்தவர்கள் இன்னொரு வலையில் விழுகிறார்கள். டவரே வேண்டாம், சாட்டிலைட் வழியாகவே செய்தி அனுப்பும் கருவியை வெளிநாட்டில் வாங்கி வருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்! தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் இல்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பது குற்றம். 2008 மும்பைத் தாக்குதலில் பயங்கரவாதிகள் சாட்டிலைட் போன் பயன்படுத்திய பிறகு கெடுபிடி இன்னும் இறுகியது. டெல்லி விமான நிலையத்தில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறும் பெண் ஒருவரும், 2024 டிசம்பரில் கோவாவில் கனடா ஓட்டக்காரப் பெண் ஒருவரும் கார்மின் இன்ரீச் என்ற சாட்டிலைட் செய்திக் கருவியோடு பிடிபட்டார்கள். இருவரும் காட்டில் உயிருக்குப் பாதுகாப்பாக அதை வைத்திருந்தவர்கள். ஆனாலும் போலீஸ், வழக்கு என்று அலைய வேண்டியதாயிற்று.

இப்போது அந்த வசதி வாட்சுக்குள்ளேயே வந்துவிட்டது. 2025 செப்டம்பரில் கார்மின் அறிவித்த ஃபீனிக்ஸ் 8 ப்ரோ அப்படிப்பட்டது. ஜெர்மனி, ஜப்பான், கொரியா என்று பயிற்சிக்குப் போய்வரும் நம் பகுதி என்ஜினியர்களே, விலை மலிவு என்று பெட்டியைத் தூக்குவதற்கு முன் அதில் சாட்டிலைட் செய்தி வசதி எழுதியிருக்கிறதா என்று படியுங்கள்.

அப்படியானால் மலையில் எதைத்தான் நம்புவது? 2018 மார்ச் 11-ஐ நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். சென்னையில் வேலை பார்த்த இளைஞர்கள், இளம்பெண்கள் அவர்களில் பலர். விடுமுறை நாளில் கிளம்பிப் போன பிள்ளைகள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. அந்த விதிகள் கேட்கும் அனுமதிச் சீட்டை வெறும் காகிதம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் எந்தப் பாதையில் இருக்கிறீர்கள் என்பது வேறொருவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. வாட்ச் செய்யாத வேலை அது.

ஆசை இருந்தால் அருகிலேயே இடம் இருக்கிறது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகையும் உண்டு. காட்டைத் தெரிந்த வழிகாட்டி கூடவே வருவார். இன்னொன்று: உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாத இடத்திலும் வேறு நிறுவனத்தின் டவர் எட்டினால் 112-க்கு அழைப்பு போகும். மேட்டில் ஏறி நின்று முயன்று பாருங்கள்.

தம்பி நாகலாபுரத்தைக் கைவிட்டு, குடியத்துக்குப் பதிவு செய்யச் சம்மதித்தார். கடைக்காரரிடம் ஒரு துண்டுத்தாள் வாங்கி, நாலு பேர் பெயர், பைக் எண், போகும் பாதை எல்லாம் எழுதச் சொன்னேன். கீழே 'ஞாயிறு மாலை 5 மணி' என்று நானே எழுதினேன். அதற்குள் தம்பியின் குரல் கேட்காவிட்டால் 112-ஐ அழைக்கப்போவது நான். அந்தத் தாள் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது.