இன்சூரன்ஸ் முதல் இருமல் மருந்து வரை... காலாவதி ஆகும் முன்னே கலர் காட்டும் ஷீட்!

பைக் இன்சூரன்ஸ் எந்தத் தேதியில் முடியுதுன்னு இப்போ கேட்டா, பார்க்காம சொல்லுவீங்களா? கஷ்டம்தான். ஆனா, அது ஒருநாள் தாண்டினாலும் சிக்கல்தான். இன்சூரன்ஸ் இல்லாம வண்டி ஓட்டி முதல் முறை சிக்கினா 2,000 ரூபாய் அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, இல்லேன்னா ரெண்டுமேன்னு சட்டம் சொல்லுது. அந்த நேரத்துல விபத்து நடந்துட்டா, எதிராளிக்கான இழப்பீடும் உங்க தலையிலதான்.

இதுக்குத் தனி ஆப் எதுவும் வேணாம். போன்ல இருக்கிற கூகுள் ஷீட்ஸ் போதும்.

நாலே காலம்

முதல் வரிசையில் தலைப்பு. 'ஏ'-வில் பொருள், 'பி'-யில் காலாவதி தேதி, 'சி'-யில் எத்தனை நாள் முன்னாடி வேலையைத் தொடங்கணும்கிற எண். இன்சூரன்ஸுக்கு 15 போதும். பாஸ்போர்ட்டுக்கு 240 போடுங்க. ஏன்னா, பல நாடுகள் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாகிற பாஸ்போர்ட்டைத்தான் ஏத்துக்கும்.

'டி' காலத்துல ஒரு சின்ன கணக்கு. சம அடையாளம் போட்டு, பி2 மைனஸ் சி2 மைனஸ் டுடேன்னு ஆங்கிலத்துல டைப் பண்ணுங்க. டுடேவுக்குப் பின்னாடி காலி அடைப்புக்குறி () கட்டாயம். இதை, விவரம் நிரப்பின வரிசை வரைக்கும் மட்டும் காப்பி பண்ணுங்க. எண்ணுக்குப் பதிலா தேதி வந்தா, ஃபார்மட்டை 'நம்பர்'னு மாத்திடுங்க.

கலர் கொடுப்பது எப்படி?

'டி' கட்டங்களை செலக்ட் பண்ணி, மேலே இருக்கிற 'ஏ' எழுத்து ஐகானைத் தொடுங்க. கீழே போனா 'கண்டிஷனல் ஃபார்மட்டிங்' இருக்கும். 'லெஸ் தேன்' தேர்வு செஞ்சு 1 கொடுத்து, மஞ்சள் கலர் வைங்க. அடுத்து 'பி' கட்டங்களுக்கு 'டேட் இஸ் பிஃபோர்', 'டுடே', சிவப்பு. அவ்ளோதான்!

உதாரணமா, இன்சூரன்ஸ் ஜூன் 30-ல் முடியுதுன்னா, ஜூன் 15-லேயே மஞ்சள் வந்துடும். ஜூலை 1 அன்னிக்கு சிவப்பு.

இங்கேதான் பலர் சறுக்குவாங்க

05/04-ன்னு டைப் பண்ணா அது ஏப்ரல் 5-ஆ, மே 4-ஆ? ஷீட் அமெரிக்க முறையில இருந்தா மே 4-ன்னு எடுத்துக்கும். செட்டிங்ஸ்ல 'லொகேல்' இந்தியாவா இருக்கான்னு பாருங்க. தேதி கட்டத்துல இடப்பக்கமா ஒட்டி நின்னா, ஷீட் அதைத் தேதியாவே எடுத்துக்கலைன்னு அர்த்தம்.

மருந்து அட்டையில மாதமும் வருஷமும் மட்டும்தான் இருக்கா? அந்த மாதத்தோட கடைசி நாளைப் போடுங்க.

எதையெல்லாம் சேர்க்கலாம்?

டிரைவிங் லைசென்ஸ்: காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டிட்டா, திரும்ப ஓட்டிக் காட்டணும்.

சொந்த வண்டி சேதத்துக்கான பாலிசி: 90 நாளுக்குள் புதுப்பிக்கலைன்னா, சேர்த்து வச்ச நோ க்ளெய்ம் போனஸ் போயிடும்.

புகைச் சான்றிதழ், கேஸ் டியூப், அப்பாவோட ஹெல்த் இன்சூரன்ஸ்... இதையும் விட்டுடாதீங்க.

கலர் மாறினாலும் ஷீட் உங்களைக் கூப்பிடாது; நீங்கதான் திறந்து பார்க்கணும். அதனால, மாதத்துக்கு ரெண்டு முறை, 1-ம் தேதியும் 15-ம் தேதியும், போன் காலண்டர்ல ஒரு ரிமைண்டர் வைங்க. வீட்ல இன்னொருத்தருக்கும் ஷேர் பண்ணுங்க. பாலிசி நம்பர், பாஸ்போர்ட் நம்பர் மட்டும் அதுல வேண்டாம். தேதி இருந்தாலே போதும்.