போனா, படப் புத்தகமா? 5 வயதுக்குள் குழந்தைக்கு எது உதவும்?

மாலை 7 மணி. ஆபீஸ் கால் இன்னும் முடியவில்லை. குழந்தை சாப்பிட மாட்டேன்னு அடம்பிடிக்கிறது. 'சரி, ஒரே ஒரு பாட்டு' என்று போனைக் கையில் கொடுக்கிறோம். ஒரு பாட்டு பத்துப் பாட்டாகிவிடுகிறது. இதில் என்ன பிரச்னை?

எவ்வளவு நேரம் பார்க்கலாம்?

உலக சுகாதார அமைப்பு 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 2 வயதுக்குள் திரை நேரமே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம். அதற்கும் குறைவு என்றால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியுடன் வீடியோ கால் பேசுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. காரணம், அங்கே எதிரில் பதில் பேச ஒரு ஆள் இருக்கிறார்.

புத்தகத்தில் அப்படி என்ன இருக்கிறது?

ரகசியமே இந்தப் பதில் பேச்சுதான். வீடியோ யாருக்காகவும் நிற்காது. புத்தகத்தில் இருக்கும் படம் நகராது. குழந்தை விரல் வைத்துக் காட்டும், கேட்கும், நாம் பதில் சொல்வோம். அந்த இடைவெளியில்தான் மொழி வளர்கிறது.

சரி, அதே கதையை டேப்லெட்டில் படித்தால்? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 37 பெற்றோர்-குழந்தை ஜோடிகளைக் கவனித்து, 2019-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அச்சுப் புத்தகம் படித்தபோது இருவருமே அதிகம் பேசினார்கள். டேப்லெட் வந்ததும் கதைப் பேச்சு குறைந்து, 'அந்த பட்டனைத் தொடாதே' போன்ற பேச்சு கூடியது. சின்ன ஆய்வுதான். ஆனால், நம் வீட்டிலும் பார்க்கிற காட்சிதானே இது!

எப்படிப் படிக்கலாம்?

எழுத்தை வரிக்கு வரி வாசிக்க வேண்டியதில்லை. 'இது யாரு?', 'ஏன் அழறான்?' என்று கேளுங்கள். குழந்தை 'நாய்' என்றால், 'ஆமா, பெரிய கறுப்பு நாய், வேகமா ஓடுது' என்று நீட்டிச் சொல்லுங்கள். ஒரே புத்தகத்தைப் பத்தாவது முறை கேட்டாலும் சலிக்காதீர்கள். தெரிந்த கதை என்பதால்தான் அடுத்து வருவதைக் குழந்தை தானே சொல்லிப் பார்க்கும்.

தமிழில் கிடைக்குமா?

வெளிமாநிலத்தில் வளரும் குழந்தைக்கு வீடுதான் தமிழ் வகுப்பு. நேஷனல் புக் டிரஸ்ட்டும் சென்னையின் தூலிகா பதிப்பகமும் தமிழில் படப் புத்தகங்கள் வெளியிடுகின்றன. பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி, பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம்.

போனே கொடுக்காத வீடு இன்று அபூர்வம். குற்ற உணர்ச்சி வேண்டாம். தூங்கும் முன் 10 நிமிடம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு, மடியில் ஒரு புத்தகம். அதில் தொடங்கினால் போதும்.