விற்ற பொருள் மீளுமோ?

நம் நகரத்துக் கடைத்தெருவில் நடந்து செல்வோர், துணிக்கடை, பாத்திரக்கடை, மின்பொருட்கடை எனப் பலவற்றிலும் ஒரே வாசகம் எழுதிய பலகையைக் காண்பர். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்பதே அவ்வாசகம். சில கடைகளில் அது பணம் வாங்குமிடத்திற்கு மேலே தொங்கும். சிலவற்றில் பில்லின் அடியிலே, வெள்ளெழுத்துக் கண்ணர்க்குப் புலப்படாத சிற்றெழுத்தில் அச்சிடப்பெற்றிருக்கும். நாள்தோறும் கண்டு பழகியமையால் இதனை நாட்டின் சட்டமென்றே பலரும் கருதுகின்றனர். படித்தவரும் இதற்கு விலக்கல்லர். இப்பலகைக்குச் சட்டத்தின்முன் உள்ள மதிப்பு யாது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். நீலச் சேலை வாங்கிச் சென்றவர், வீடு சேர்ந்தபின் பச்சையே நன்று எனக் கருதி மீள வருவாராயின், மாற்றிக் கொடுப்பது கடைக்காரரின் நல்லெண்ணம். கொடாவிடின் அவரைக் குறைகூற இடமில்லை. வேறொரு கடையில் விலை குறைவென்று பின்னர் அறிந்து வருந்துவோர் நிலையும் அதுவே. ஆயின் அச்சேலையின் சாயம் முதற் சலவையிலேயே கழன்று ஓடுமாயின் அது வேறு வழக்கு. முன்னதில் மாறியது வாங்கியவர் மனம்; பின்னதில் பழுதுற்றது பொருள். பலகை இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டி வாங்குவோரை மயக்குகின்றது.

எம் வகுப்பு நண்பர் ஒருவரின் தாயார் வீட்டிலிருந்தே தோசைமாவு அரைத்து விற்றுக் குடும்பத்தை நடத்துபவர். சென்ற ஆண்டு, தாம் செய்யும் தொழிலைக் கடைக்காரரிடம் எடுத்துரைத்து, அதற்குத் தக்கதென்று அவர் காட்டிய கிரைண்டர் ஒன்றை 18,500 ரூபாய்க்கு வாங்கினார். ஒன்பதாம் நாள் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. “அம்மா, பலகையைப் படியுங்கள், நாங்கள் செய்த பொருளா இது? கம்பெனிக்காரரைக் கேளுங்கள்” என்பதே கடையிற் கிடைத்த மறுமொழி. இரண்டாம் முறை சென்றபோது, “நீங்கள் வியாபாரத்திற்கு அல்லவா வாங்கினீர்கள்? நுகர்வோர் சட்டம் உங்களுக்குச் செல்லாது” என்றும் கூறினர். அண்டை வீட்டாரின் கிரைண்டரை நாள் வாடகைக்கு எடுத்து அவர் தொழிலை நடத்தலாயினார். வாடகை ஒருபுறம், கிரைண்டர் வாங்கக் கொண்ட கடனின் தவணை மற்றொருபுறம். நண்பர் அந்தப் பருவத்துத் தேர்வுக் கட்டணத்தைக் கடன் வாங்கியே செலுத்தினார். பலகை, கம்பெனி, வியாபாரம் என்னும் அம்மூன்று மறுமொழிகளும் நம் நாட்டில் எக்கடையிலும் கேட்கக்கூடியவையே. ஆதலின் அவற்றையே எடுத்துக்கொண்டு காண்போம்.

பண்டைக் காலத்தும் இவ்வழக்கு இல்லாமலில்லை. விற்றதையும் வாங்கியதையும் மீட்டுக்கொள்ள வணிகர்க்கு ஓரிரவும், உழவர்க்கு மூன்றிரவும், ஆனிரை காப்போர்க்கு ஐந்திரவும் தவணை வகுத்தது கௌடிலியரின் அர்த்தசாத்திரம். நம் பட்டினப்பாலையோ காவிரிப்பூம்பட்டினத்து வணிகரை, மிகுதியாகக் கொள்ளாதவர், குறைவாகக் கொடாதவர் என்று புகழ்கின்றது. தமிழ் பயில்வோராகிய யாம் இப்புகழுரையில் மகிழ்கின்றோம். எனினும் அது விற்பவரின் பண்பைக் கூறுவதேயன்றி, வாங்குபவரின் உரிமையைக் கூறுவதன்று. பண்பில்லாத கடைக்காரர்முன் பட்டினப்பாலையைக் காட்டிப் பயனில்லை.

நிற்க. ‘வாங்குபவனே விழித்திருக்கக் கடவன்’ என்பது ஆங்கில நாட்டுப் பழஞ்சட்ட நெறி. சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்த்து வாங்கிய காலத்திற்கு அது பொருந்தியிருக்கலாம். மூடிய உறைக்குள் இருக்கும் மோட்டாரைப் பல் பிடித்துப் பார்த்தல் யார்க்கு இயலும்? 1930ஆம் ஆண்டில் இந்தியாவில் இயற்றப்பெற்ற சரக்கு விற்பனைச் சட்டம் அந்நெறியைத் தன் 16ஆம் பிரிவின் தொடக்கத்திற் கூறிவிட்டு, உடனே அதற்கு விலக்குகளையும் வகுத்துள்ளது. வாங்குபவர் தம் நோக்கத்தை விற்பவர்க்கு அறிவித்து, அவருடைய திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்நோக்கத்திற்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும். இன்ன பொருளென்று சொல்லி விற்கப்படுவது, அவ்வகைப் பொருளை விற்கும் வணிகரிடம் வாங்கியதாயின், விற்பனைக்குரிய தரத்ததாயிருத்தல் வேண்டும். வாங்குமுன் சோதித்துப் பார்த்தவர், அச்சோதனையிற் புலப்பட்டிருக்கவேண்டிய குறையைப் பின்னர் எடுத்துரைத்தல் இயலாது. மறைந்து கிடந்த குறைக்கு அத்தடையில்லை. ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. விற்பவர் அப்பொருளைத் தாமே செய்தவராயினும் அல்லராயினும் இப்பொறுப்பு அவரைச் சாரும் என்று அச்சட்டமே வெளிப்படையாகக் கூறுகின்றது. ‘கம்பெனியைக் கேளுங்கள்’ என்னும் மறுமொழிக்கு விடை இதுவே.

இதனை விளக்கும் வழக்கொன்று உண்டு. 1931ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய நாட்டு அடிலெயிட் நகரில் கிராண்டு என்னும் மருத்துவர் ஒரு கடையிற் கம்பளி உள்ளாடைகள் வாங்கினார். அவற்றை உடுத்த அன்றே அரிப்புத் தோன்றியது. அது கொடிய தோல்நோயாக முற்றி, அவரை நெடுநாள் படுக்கையிற் கிடத்தியது. ஆலையிற் கம்பளியைப் பதப்படுத்தியபோது சேர்ந்த சல்பைட்டு என்னும் உப்பு முற்றும் கழுவப்படாமல் நூலில் தங்கிவிட்டதே காரணம் என அவர் வழக்கிட்டார். கடைக்காரர் அவ்வாடைகளை நெய்தவரல்லர். உப்பு இருந்ததை அறிந்தவருமல்லர். ஆலையிலிருந்து வந்தவாறே விற்றவர். முதலில் வென்ற மருத்துவர், அந்நாட்டு உயர்நீதிமன்றத்தில் தோற்றார். இறுதியாக, 1935இல் இலண்டனில் பிரிவி கவுன்சில் அவர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆலையும் பொறுப்பு, கடையும் பொறுப்பு என்பது அத்தீர்ப்பு. ஆலையின்மேற் சுமத்தியது கவனக்குறைவுக்கான பொறுப்பு. கடைக்காரரிடத்திற் கவனக்குறைவு யாதும் இல்லை. உடுத்தற்கு என்று விற்ற ஆடை உடுத்தற்கு ஏலாததாயிற்று என்பதொன்றே அவரைப் பொறுப்பாக்கப் போதியதாயிற்று. 1949 வரை இந்திய வழக்குகளுக்கும் மேன்முறையீட்டு மன்றமாக விளங்கியது அந்தப் பிரிவி கவுன்சிலே என்பதும் நினைவுகூரற்பாலது.

சட்டம் இருந்தும், எளியவர்க்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது. பழுதான பொருளின் விலையினும் வழக்கறிஞர் ஊதியம் மிகுமன்றோ? இக்குறை நீங்க 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதன் இடத்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பெற்று, 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. பலகையைப் பற்றிய விடை இப்புதிய சட்டத்தின் இரண்டாம் பிரிவிலேயே கிடைக்கின்றது. குறையுள்ள பொருளை விற்றபின், பில்லிற் குறித்த காலத்திற்குள், காலம் குறியாவிடின் 30 நாட்களுக்குள், அதனைத் திரும்பப் பெற்று விலையை மீளக் கொடுக்க மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அது வரையறுக்கின்றது. ஆதலின் பலகை சட்டமன்று. பழுதான பொருளைப் பொறுத்தமட்டில் அது சட்டத்திற்கு மாறான செயலை முன்னரே அறிவிக்கும் விளம்பரமேயாகும். ‘இத்துணி கறைபட்டது, அதனாற் பாதி விலை’ என்று வெளிப்படக் கூறி விற்றதை இதனொடு கலத்தலாகாது. அறிந்தே வாங்கிய குறைக்கு வழக்கில்லை.

முப்பது நாள் கழிந்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று எண்ணவும் வேண்டா. குறையைப் பற்றிய முறையீட்டை, வழக்கிற்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுக்கலாம்.

மூன்றாம் மறுமொழி சற்றே நுட்பமானது. மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்திற்கோ வாங்கியவர் நுகர்வோர் ஆகார் என்பது உண்மை. ஆயின் தாமே உழைத்து வாழ்க்கை நடத்துதற்கென்றே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் அடங்காது என்று அதே விதி விலக்களிக்கின்றது. மாவு அரைத்து விற்கும் தாய்க்கும், தையல் இயந்திரம் வாங்கிய தையற்காரர்க்கும் அவ்விலக்கு உரியது. கடைக்காரர் விதியின் முற்பாதியைக் கூறினார். பிற்பாதியை அறிந்திலர் போலும்.

இனிச் செய்யவேண்டுவன. எல்லாவற்றினும் முந்தியது பில். ‘பில் வேண்டாமென்றால் விலை குறைப்போம்’ என்னும் சொல்லுக்கு நம்முள் இசையாதார் சிலரே. பில் கொடாமையும் நேர்மையற்ற நடைமுறை என்றே சட்டம் கூறுகின்றது. குறை கண்டவுடன் பொருளைப் பயன்படுத்துதலை நிறுத்திக் கடைக்குக் கடிதம் எழுதி, விரைவு அஞ்சலில் விடுத்து, படியொன்றை வைத்துக்கொள்ளுதல் நலம். வாய்ச்சண்டைக்குச் சான்றில்லை. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். பல பிணக்குகள் அவ்வளவிலேயே தீர்ந்துவிடுகின்றன.

தீராதன மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திற்குச் செல்லும். முன்னர், விற்றவர் உள்ள ஊரிலோ வழக்கிற்குக் காரணம் எழுந்த ஊரிலோ சென்று முறையிட வேண்டியிருந்தது. இப்போது வாங்கியவர் வாழும் மாவட்டத்திலேயே முறையிடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின் கட்டணமில்லை. வழக்கறிஞரின்றித் தாமே வாதிடலாம். பொருளைச் சோதித்தாலன்றிக் குறை விளங்காதெனின், ஆணையம் அதனை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பும். பழுதை நீக்குக, மாற்றுப்பொருள் தருக, விலையை மீளக் கொடுக்க, இழப்பிற்கு ஈடு செய்க என்றெல்லாம் ஆணையிடும் அதிகாரம் அதற்குண்டு. எதிர்தரப்பார்க்கு அறிவிப்புக் கிட்டியதிலிருந்து மூன்று திங்களில், ஆய்வு வேண்டின் ஐந்து திங்களில், முடிவுகாண முயல வேண்டுமென்பது விதி. நடைமுறையில் அதனினும் நீள்வதே பெரும்பான்மை. நண்பரின் தாயார் தொடுத்த வழக்கும் இன்னும் நிலுவையிலேயே உள்ளது.

கடைக்காரரின் பக்கத்தையும் கூறாது விடுதல் முறையன்று. சிறுகடை நடத்துபவர் மொத்த வணிகரிடம் சரக்கெடுத்தவர்; பழுதுக்கு அவர் காரணரல்லர்; விலையை மீளக் கொடுத்தால் தமக்கு நட்டமென்று அஞ்சுகின்றார். ஆயின் அவரும் ஒருவரிடம் வாங்கியவரே. மறுவிற்பனைக்கு வாங்கியமையால் அவர் நுகர்வோர் ஆணையத்தை நாட இயலாதெனினும், 1930ஆம் ஆண்டுச் சட்டம் அவர்க்கும் துணைநிற்கும். வேறுவகை உடன்படிக்கை இல்லாதவிடத்து, விற்பனைத் தரமில்லாத சரக்கை அனுப்பிய மொத்த வணிகரிடம் அவர் ஈடு கேட்கலாம். மொத்த வணிகர் ஆலையிடம் கேட்கலாம். அவ்வழியே செல்லாது, வாங்கியவரைப் பலகை காட்டித் திருப்பிவிடுவது அவர்க்கு எளிதாயிருக்கின்றது. கேட்டால் அடுத்த முறை சரக்கு வருவது நின்றுவிடுமோ என்னும் அச்சமும் அவரிடத்து உண்டு.